ஒற்றைப்படைப் பக்கங்கள்

ஓசூரில் சம்பளம் கூட என்று தஸ்லீமா போய்விட்டாள்.
போகும்போது அலமாரிச் சாவியும்
கீபோர்டு துடைக்கப் பனியன் துணியும்
ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் புத்தகம் ஒன்றும்
எடைமேடையிலிருந்த என் கையில் வைத்தாள்.
அட்டையில் 'புதிதாகக் கற்பவர்களுக்கு'.

ரவுண்டானா கடைக்காரன் அவசரத்தில்
ஒரு பக்கம் மட்டுமே ஓட்டியிருக்கிறான்.
ஒன்று, மூன்று, ஐந்து.
பின்னால் எல்லாம் வெள்ளை.
பதினேழு இப்படி முடிகிறது:
இதைச் செய்யுமுன் மறக்காமல்
பத்தொன்பது இப்படித் தொடங்குகிறது:
இப்போது அந்தக் கோப்பு இல்லை.

மௌஸ் எங்கே என்று முதல் நாள் தேடினேன்.
மேசைக்கடியில்கூடப் பார்த்தேன்.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
ஓரத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடு.
பாதி பீரோ உயரத்தில் அந்தப் பெட்டி.
மத்தூர், சந்தூர், போச்சம்பள்ளி,
யார் தோப்பில் எத்தனை டன், எவ்வளவு அழுகல் கழிவு,
யாருக்கு இன்னும் பாக்கி,
எல்லாம் அதன் வயிற்றில்.
மாம்பழக்கூழ் வாசம் மட்டும் அதற்குத் தெரியாது.
ஏசி அறை.

மூன்றாவது வாரம் ஒன்று பிடிபட்டது.
இந்தப் பெட்டிக்கு உயிரெழுத்து ஆகாது.
வொர்க் என்பது வ்ர்க்.
டிஸ்ப்ளே, ட்ஸ்ப்.
டிலீட், ட்ல்ட்.
தலைக்குத் தலை புள்ளி.
உயிரைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டு
மெய் மட்டும் உள்ளே வந்து வேலை பார்க்கிறது.
முன்னால் வினை, பின்னால் பொருள்,
இரண்டையும் ஒட்டினால் கட்டளை.
அப்புறம் எனக்கும் அதே புத்தி.
பர்கூர் பஸ்ஸின் பலகை ப்ர்க்ர் ஆனது.
ச்ம்ப்ர் ஊற்றட்டுமா என்றேன் ராத்திரி.
மகன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

என் பெயர் முனிலட்சுமம்மா.
ஆங்கிலத்தில் எழுத்து பதினான்கு.
பெட்டியில் பத்துக்குத்தான் இடம்.
முனிலக்ஷ்ம் என்று என்னை வெட்டி வைத்திருக்கிறாள் தஸ்லீமா.
அம்மா வெளியே,
கடைசியில் ஒரு புள்ளி.
தினமும் காலை அந்தப் பெயரில் உள்ளே போகிறேன்.

ஜூன் கடைசி. தோத்தாபுரி வந்து கொட்டிய ராத்திரி.
கேட்டிலிருந்து மேம்பாலம் வரை லாரி.
பட்டுவாடா சீட்டு ஒன்றுகூட அச்சாகவில்லை.
கேஷியர் குருபாதப்பா பிரிண்டரை இரண்டு தட்டு தட்டினார்,
பெட்டியை நிறுத்திப் போடு என்றார்.
நிறுத்தத் தெரியாது. நல்லவேளை.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பட்டியல்,
எந்த நிலைக்கு என்ன எழுத்து தெரியும் என்று.
பொருள், அடுத்த பக்கம் பார்க்க.
அடுத்த பக்கம் வெள்ளை.

திரையில் ம்ஸ்க்வ்.
கோட்டை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தி
எஃப் ஒன்றை அழுத்தினேன்.
பதிலுக்குக் காத்திருக்கிறது, என்றது பெட்டி.
ட்ஸ்ப், ம்ஸ்க்.
சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு
பிரிண்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறது:
வழக்கமான தாள் போட்டாயிற்றா?
மணி ஒன்பது பத்து.
மூன்றரை மணி நேரம்
கத்தாமல், விளக்கு எரியாமல்,
கேட்டது கேட்டபடி நின்றிருக்கிறது.
தாள் எப்போதோ போட்டதுதான்.

ஜி. என்டர்.
கர்ரென்று முதல் சீட்டு.
குருபாதப்பா கிழித்து எடுத்துக்கொண்டு ஓடினார்,
என்ன செய்தாய் என்று கேட்கக்கூட இல்லை.

சீட்டுகள் இறங்க இறங்க
அறுபத்தொன்றைப் புரட்டி, பின்பக்க வெள்ளையில்
மேல் மூலையில் 62 என்று போட்டேன்.
'ம்ஸ்க்வ் என்று நின்றால் தட்டாதே.
அது பழுது இல்லை. உன்னைத்தான் ஏதோ கேட்கிறது.
படித்துவிட்டுப் பதில் சொல்.'
பேனா அங்கங்கே மையில்லாமல் கீறியது.

ஆடி வரைக்கும் முப்பத்தியாறு எழுதியிருக்கிறேன்.
சில தப்பாக இருக்கலாம். நாற்பத்தியெட்டை அடித்து எழுதினேன்.
பதினெட்டு மட்டும் இன்னும் காலி.
அந்தக் கோப்பு எப்படிப் போயிற்று என்று
செய்து பார்க்கத் துணிவில்லை.